தெத்துப்பல்லின் கடைசிச் சுற்று

சிலையைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்துப்போன தம்பியின் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு சிரித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது. பந்தயக் கிளப்பின் செயலாளர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. மனசு தாங்காதுதான்."

"மனசு தாங்கும் சார். இந்த வண்டிதான் தாங்காது. இந்த வேகத்துல இப்படி வளைச்சா அடுத்த நொடி என் தம்பி ஆகாசத்துல இருப்பான்."

சிற்பியின் முகம் சுண்டிப்போனது. பாவம், அவர் மேல் தப்பில்லை. மேஜை மேல் வைக்கிற அளவுக்குக் களிமண்ணில் மாதிரி செய்திருந்தார். இதைப் பார்த்துத்தான் பிறகு பெரிதாக வெண்கலத்தில் வார்ப்பார்கள். தம்பியின் முகம் அச்சு அசலாக வந்திருந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அந்தத் தெத்துப்பல் தெரியச் சிரிக்கிறான். வண்டி இடது பக்க வளைவில் பறக்கிறது. இடது பக்கம் ஒட்டியிருந்த சைடுகார் மட்டும் துடைத்துவைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது.

"இதுல இருந்த ஆள் எங்க?" என்றாள் அக்கா.

"யாரு?" என்றார் சிற்பி.

"நான்."

சிற்பி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். தான் பார்த்த எந்த ஃபோட்டோவிலும் பக்கத்தில் ஆள் இல்லையே என்று சிற்பி மெல்ல இழுத்தார். இருக்காதுதான். பத்திரிகைக்காரர்கள் படம் போடும்போதெல்லாம் தெத்துப்பல் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். அந்த மிச்சம்தான் அக்கா.

இந்த இடத்தில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சைடுகார் பந்தயம் என்றால் மாமியாரை உட்காரவைத்துக் கடைக்குப் போவது போல என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பந்தய வண்டியின் சைடுகாரில் இருக்கை கிடையாது. பெல்ட் கிடையாது. ஒரு தகடு, ஒரு சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இடது பக்கம் வளையும்போது அதில் இருக்கிறவர் உடம்பையே வெளியே எறிந்து, தரைக்கு மேலே தொங்கியபடி வர வேண்டும். இல்லாவிட்டால் சைடுகார் தூக்கிக்கொண்டு வண்டி குப்புறக் கவிழும். வலது பக்கம் வளைந்தால் தாவி வந்து, ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் சக்கரத்தின் மேல் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரம் தரையை விட்டுவிடும். ஓட்டுபவன் கையால் ஓட்டுவது பாதி, மீதியைப் பக்கத்து ஆள் உடம்பால் ஓட்டுகிறார். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

ஆனால் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஹெல்மெட்டும் தோல் உடையுமாக ஏதோ ஒன்று உருண்டு புரள்வதுதான் தெரியும். அதனால் அவனுக்குத் தெத்துப்பல் என்று பெயர் வைத்த கூட்டம், அவளுக்கு மூட்டை என்று வைத்தது. அக்கா அதற்காக ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. தம்பிதான் பொங்குவான். "மூட்டையா? அந்த மூட்டை இல்லேன்னா நான் சட்டினி ஆயிருப்பேன்னு சொல்லுக்கா!" என்பான். "சொன்னா மட்டும் கேட்டுடப் போறாங்களா? நீ கார்புரேட்டரைக் கழட்டு," என்பாள்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பட்டறை. முன்பக்கம் அவன் எஞ்சின் பிரிப்பான். பின்பக்கம் அவள் கார் சீட்டுகளுக்கு ரெக்ஸின் தைப்பாள். வளைவுகளில் அத்தனை வருஷம் சாவுக்குப் போக்குக் காட்டியவன், ஒரு மத்தியான நேரம் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, "அக்கா, கொஞ்சம் தண்ணி," என்றான். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீரோடு வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது. அந்த டம்ளரை அவள் இன்னும் கழுவாமல் வைத்திருக்கிறாள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுநர் யார் இறந்தாலும், அவருடைய வண்டி பந்தயத் தடத்தில் ஒருமுறை சுற்றிவரும். அதற்குக் கடைசிச் சுற்று என்று பெயர். கூட்டம் எழுந்து நின்று மூச்சுக் காட்டாமல் பார்க்கும். வண்டி ஊர்ந்து வரும். முடிவுக் கோட்டில் நிற்கும் வீட்டாரிடம் ஹெல்மெட்டைக் கொடுப்பார்கள். ஜெயித்து வருகிறவருக்கு வீசும் கட்டம் போட்ட கொடியை அன்றைக்கு வீசமாட்டார்கள். செத்தவர் எதை ஜெயிக்கப்போகிறார் என்பது கணக்கு. அதன்பிறகு எஞ்சினிலிருந்து எண்ணெயை வடித்துவிட்டுப் பூட்டிவிடுவார்கள். அந்த வண்டி மறுபடி ஓடவே ஓடாது.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசிச் சுற்றில் தன் இடத்தில் தான் இருக்க வேண்டும். வண்டி ஊர்ந்து போகக் கூடாது, அவன் ஓட்டிய மாதிரி போக வேண்டும். இந்த ஒருமுறை விட்டால் பிறகு கிடையாது. அந்தக் களிமண் பொய்தான் வெண்கலமாகி ஊர் நடுவே நிற்கும்.

"அக்கா, உங்களுக்கு ஐம்பது தாண்டிடுச்சு," என்றார் செயலாளர்.

"போன சீசன்லயும் தாண்டித்தான் இருந்துச்சு. கோப்பையை வாங்கும்போது நீங்க வயசு கேக்கலையே?"

செயலாளர் கெட்டவர் இல்லை. தெத்துப்பல் செத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் குலுங்கிக் குலுங்கி அழுதவர். ஆனாலும் வழக்கம் என்ற சுவரின் பின்னால் போய் நின்றுகொண்டார். வண்டி இப்போது அவன் மனைவிக்குச் சொந்தம், அவர் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார். தம்பி மனைவியிடம் கேட்டார்கள். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"வேணாம்."

தம்பி மனைவி பந்தயத் திடலுக்கு அவன் பொருட்டு வருவாள். ஆனால் ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. கடைசி வரிசையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூட்டம் கத்தினால் ஜெயித்துவிட்டான் என்று தெரிந்துகொள்வாள். அவளைப் பொறுத்தவரை நாத்தனார் அந்த வண்டியில் ஒப்புக்குச் சப்பாணி. இடித்த புளி மாதிரி உட்கார்ந்து போய்வருகிறவள். "உங்களுக்கென்னக்கா, சும்மா சவாரி. பாவம், அவர்தான் உயிரைக் குடுத்து ஓட்டறாரு," என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தம்பி வாயைத் திறக்கப்போவான். அக்கா முறைப்பாள். பக்கத்து ஆளின் வேலை என்னவென்று விளக்கிச் சொன்னால், அந்தப் பெண் மூடிய கண்ணோடுகூட உட்கார்ந்திருக்கமாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியும். அந்த மௌனம் இப்போது அவள் காலையே வாரிவிட்டது.

கடைசிச் சுற்றில் ஓட்ட, கழுத்து என்பவனை ஏற்பாடு செய்திருந்தார்கள். தெத்துப்பல்லுக்கு ஜென்ம எதிரி, ஆத்ம நண்பன் இரண்டும் அவன்தான். நன்றாக ஓட்டுவான். ஆனால் வளைவு வந்தால் கழுத்தைத் திருப்பி, பக்கத்து ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பான். ஒருமுறை பயிற்சியில் அவனுடைய பக்கத்து ஆள் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இவன் அது தெரியாமல் பாதித் தடம் போய்விட்டான். அன்றிலிருந்து பிடித்த வியாதி. அந்தக் கண நேரத்தில் தெத்துப்பல் அவனைத் தாண்டிவிடுவான். தெத்துப்பல் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் முதுகில் அக்கா இரண்டு தட்டுத் தட்டினால் போதும், முறுக்குவான்.

அக்காவுக்குப் பதிலாகச் செயலாளர் கண்டுபிடித்தது ஒரு மணல் மூட்டை. அவளுடைய எடைக்கு நிறுத்து, சைடுகாரில் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஒத்திகை பார்க்க அவளும் போயிருந்தாள். வேலிக்கு வெளியே நின்று, கம்பியில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

கழுத்து ஊர்ந்து போகாமல், தெத்துப்பல்லின் வேகத்தில் முறுக்கிப் பார்த்தான். இடது வளைவில் வண்டி ஒப்பேற்றிவிட்டது. வலது வளைவில் பின்சக்கரம் தரையை விட்டு, வண்டி சுழன்று புல்லில் போய் நின்றது. மூட்டையை அவிழ்த்து, ஓட்டுபவனுக்குப் பின்னால் கட்டினார்கள். இப்போது வலது வளைவு சரியானது, இடது வளைவில் சைடுகார் நாய் காலைத் தூக்குவது போலத் தூக்கியது. கழுத்து பயந்து பிரேக்கைப் பிடித்தான். கயிறு அறுந்து மூட்டை தடத்தில் விழுந்து கிழிந்தது.

கழுத்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக வேலிக்கு வந்தான்.

"அக்கா, மணலுக்கு இடம் மாறத் தெரியலை."

"மூட்டைன்னு பேர் வெக்கிறது சுலபம்டா. மூட்டையா இருக்கறதுதான் கஷ்டம்."

"இப்படியே போனா நடக்கற வேகத்துலதான் சுத்தணும். எல்லாரும் பின்னாடியே நடந்தே வரலாம். அவனை இப்படியா வழியனுப்பறது? நீங்க வந்து ஏறுங்கக்கா."

"எனக்கென்ன, ஏற மாட்டேன்னா சொல்றேன்? உத்தரவு கொடுக்க வேண்டியவ வீட்ல இருக்கா."

அன்று சாயங்காலம் வண்டி பட்டறைக்குத் திரும்பியது. தம்பி மனைவியும் வந்திருந்தாள். வண்டி புல்லில் போனது அவள் காதுக்கு எட்டியிருந்தது. ஸ்டாண்டில் ஏற்றிவைத்த வண்டியை அவள் தள்ளி நின்றே பார்த்தாள். அக்கா, கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய மணலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தம்பி மனைவிதான் கிட்டே வந்தாள். சைடுகாரின் கைப்பிடியைத் தொட்டாள். அக்கா கையால் தைத்த தோல் உறை, உள்ளங்கை படும் இடத்தில் கறுத்துப் பளபளத்தது. அதற்குக் கீழே தகட்டில் வரிசையாக வெல்டிங் தழும்புகள்.

"இது என்னக்கா, இத்தனை தடவை ஒட்டு போட்டிருக்கு? உடைஞ்சுதா?"

"உடையலை. தோள் வலிக்குதுன்னு நான் முனகுவேன். அடுத்த நாள் காலைல பார்த்தா கைப்பிடி ஒரு விரல் கடை கிட்ட வந்திருக்கும். அறுத்து எடுத்து மறுபடி ஒட்டியிருப்பான். எங்கிட்ட சொல்ல மாட்டான். மறுபடி வலிக்கும், மறுபடி நகரும்."

தம்பி மனைவி தழும்புகளின் மேல் விரலை ஓட்டினாள். ஒவ்வொன்றாக, கைப்பிடி ஆரம்பத்தில் இருந்த இடம் வரைக்கும் போனாள். பிறகு அங்கிருந்து திரும்பி வந்தாள்.

"சும்மா உக்காந்து வர்றதுக்கு எதுக்குக்கா தோள் வலிக்கணும்?"

அக்கா துணியைக் கீழே வைத்தாள். இனி மறைத்து ஆகப்போவது என்ன? சைடுகாரில் ஏறினாள். நின்ற வண்டியில், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, இடுப்பை வெளியே எறிந்து, தோள் சிமென்டுத் தரையை உரசும் அளவுக்குத் தொங்கிக் காட்டினாள். பிறகு ஒரே தாவலில் இருக்கைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. மூச்சு வாங்கியது, முகம் சிவந்துவிட்டது.

"ஓடும்போதுமா?" என்றாள் தம்பி மனைவி.

"நிக்கும்போது எதுக்குடி இதைச் செய்யப்போறேன்?"

தம்பி மனைவி தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். எவ்வளவோ நாளாகத் தேக்கிவைத்த அழுகை. அக்கா பக்கத்தில் போய் நின்று தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒரு வருஷத்துல ஒரு சாவு போதும்னுதான்க்கா வேணாம்னேன். எனக்கு இப்ப நீங்கதானே இருக்கீங்க."

"சாகறதுக்கா போறேன்? அவன்கூட இருந்தேன்னு காட்டறதுக்குத்தான் போறேன்."

தம்பி மனைவி மூக்கை உறிஞ்சினாள். மறுபடி அந்தத் தழும்புகளைப் பார்த்தாள்.

"போங்க. ஆனா நான் கண்ணை மூடிக்குவேன்."

கடைசிச் சுற்று நாளன்று திடல் பிதுங்கியது. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை மேல் களிமண் மாதிரியை வெள்ளைத் துணியால் மூடிவைத்திருந்தார்கள். தம்பி மனைவி கோட்டில் நின்றாள். செயலாளர் டையை நூறு தரம் சரிசெய்துகொண்டார். மெதுவாகத்தான் வருவார்கள் என்று அவருக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கப் பயந்து கேட்கவில்லை.

தடத்தின் மறுகோடியில் அக்கா தோல் உடையின் ஜிப்பை ஏற்றினாள். அதன் இடுப்பிலும் தோளிலும் தடத்தை உரசிய வெளுப்பு. கழுத்து, தெத்துப்பல்லின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"அக்கா, கடைசி வளைவுல அவன் பிரேக்கே தொடமாட்டான். நான் அங்க இதுவரைக்கும் தொடாம வந்ததில்ல."

"நீ திரும்பிப் பாக்கறதாலதான் தொடறே. நான் இருக்கேனான்னு பாக்காதே. இருப்பேன். முதுகுல ரெண்டு தட்டு விழும். அதுதான் சாட்சி."

எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தம்பி செத்ததிலிருந்து அக்காவின் உள்ளே கிடந்த பாறாங்கல் கொஞ்சம் நகர்ந்தது.

கூட்டம் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, ஊர்ந்து வரப்போகும் வண்டிக்காகக் காத்திருந்தது. வந்தது வேறு. முதல் வளைவிலேயே அலறிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்து, குனிந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. இடது வளைவு. மூட்டை வெளியே பாய்ந்தது. தோள் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் மிதந்தது. வலது வளைவு. மூட்டை தாவிப் பின்னால் படுத்தது. மணலால் முடியாததை அந்த ஐம்பது தாண்டிய தோள் செய்தது. வலித்தது, அம்மாடி, உயிர் போகிற மாதிரி வலித்தது. அக்காவுக்கு அந்த வலி இனித்தது. கைப்பிடி கை தேடிய இடத்தில் இருந்தது. அவன் கடைசியாக நகர்த்திவைத்த இடம்.

கடைசி இடது வளைவு எதிரே விரிந்தது. நீளமான வளைவு, அதன் முடிவில் கோடு. கழுத்தின் தோள் இறுகுவதை அவள் பார்த்தாள். கழுத்து திரும்பப்போகிறது. வலது கையை எட்டி அவன் முதுகில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு தன்னை முழுசாக வெளியே எறிந்தாள். தலைக்குக் கீழே தடம் ஆறாக ஓடியது. இடுப்பின் தோல் உடை தரையில் உரசி மணத்தது.

கழுத்து திரும்பவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. முறுக்கினான்.

மூன்று சக்கரமும் தரையைக் கவ்விப் பிடித்தபடி, தெத்துப்பல் எப்படி வருவானோ அப்படியே வந்தது வண்டி. மௌனம் என்ற வழக்கத்தை யார் முதலில் உடைத்தது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. ஒரு தொண்டை "மூட்டை!" என்று கத்தியது. அடுத்த கணம் திடல் முழுவதும் கத்தியது. "மூட்டை! மூட்டை! தெத்துப்பல்! மூட்டை!" கோட்டில் நின்ற கொடிக்காரர், செத்தவருக்குக் கொடி கிடையாது என்பதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, கட்டம் போட்ட கொடியை உருவி வெறிபிடித்த மாதிரி வீசினார். செயலாளர் அதைத் தடுக்கப் போனார். பாதி வழியில் நின்று, டையைக் கழற்றி அவரும் வீசினார்.

வண்டி கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றது. கழுத்து இன்னமும் முன்னால் பார்த்தபடியே இருந்தான்.

"இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன்டா. இப்பத் திரும்பு."

அவன் திரும்பினான். ஹெல்மெட்டுக்குள் முகம் நனைந்திருந்தது.

தம்பி மனைவி ஓடி வந்தாள். கழுத்து ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினான். அவள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சிரைத்து நின்ற நாத்தனாரையே பார்த்தாள். கண்கள் நன்றாக விரிந்திருந்தன.

"கண்ணை மூடிக்கறேன்னியே?" என்றாள் அக்கா.

"முதல் வளைவு வரைக்கும் மூடியிருந்தேன்," என்றாள் அவள். "எல்லாத்தையும் பார்த்துட்டேன். இத்தனை வருஷத்தையும் பார்த்துட்டேன்."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். அடுத்த சடங்கு சிலை மாதிரியைத் திறந்துவைப்பது. தம்பி மனைவிதான் துணியை விலக்க வேண்டும். அவள் ஹெல்மெட்டை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு மேஜையருகே போனாள். துணியை இழுத்தாள். தெத்துப்பல் சிரித்தான். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவள் காலியான சைடுகாரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு துணியை எடுத்து மறுபடி மூடினாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் சிற்பியிடம். "இதுல ஆள் குறையுது."